கழுவிய யோகட் கோப்பையும் வராத ட்ரக்டரும்

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டுக் குப்பைப் பையை ட்ரக்டரில் வந்த தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பையில் இருந்தவை எட்டுப் பிளாஸ்டிக் போத்தல்கள், நான்கு பால்மா பைக்கற்றுகள், ஐந்து யோகட் கோப்பைகள். குற்றம் செய்தது ஐந்தாவது கோப்பை. அதன் அடியில் விரல் நுனியளவு யோகட் காய்ந்து ஒட்டியிருந்தது.

“இத எடுக்க ஏலாதுங்கம்மா. கழுவாத சாமான ஏத்துனா எங்களத்தான் ஏசுவாங்க.”

“ஒண்டுதானே தம்பி. மத்ததெல்லாம் கழுவித்தானே வச்சிருக்கன்.”

“ஒண்ணு இருந்தாலும் முழுப் பையும்தாங்கம்மா.”

உம்மா மழையில் பையோடு நின்றார். உக்காத குப்பைக்கு எங்கள் வீதியில் வாரத்தில் ஒரே நாள்தான். அடுத்த செவ்வாய் வரை அந்தப் பை எங்கள் குசினி மூலையில் இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு பை சேர்ந்துவிடும்.

நாங்கள் இருப்பது ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு சிறு பஜாரில். முன்பக்கம் வாப்பாவின் கடை, பின்பக்கம் வீடு. வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் தேயிலை. எங்கள் ஊர்ச் சபை கொடுத்த விதித்தாள் கடைக் கதவின் உட்புறத்தில் இப்போதும் ஒட்டியிருக்கிறது. உக்குவது வேறு, உக்காதது வேறு. உக்காததில் தாள் வேறு, கண்ணாடி வேறு, தகரம் வேறு, பிளாஸ்டிக் வேறு. பை உள்ளே தெரியக்கூடியதாக இருக்க வேண்டும். போத்தலின் மூடியைக் கழற்ற வேண்டும், லேபலை உரிக்க வேண்டும். பால்மா பைக்கற்றை இரு பக்கமும் வெட்டி, விரித்து, கழுவி, காயவைக்க வேண்டும். யோகட் கோப்பையும் அப்படியே.

இதில் ‘காயவைக்க வேண்டும்’ என்ற இரண்டு சொற்களை எழுதியவர் நிச்சயமாக எங்கள் பக்கத்து ஆள் இல்லை. மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் பாடசாலைச் சீருடையையே அடுப்புச் சூட்டில்தான் காயவைக்கிறோம். எனவே உம்மா அடுப்புக்கு மேலே ஒரு கயிறு கட்டினார். அதில் எங்கள் காலுறைகளும் பால்மா பைக்கற்றுகளும் வரிசையாகத் தொங்கின. பெருநாளுக்கு வந்த சாச்சி அதைப் பார்த்துவிட்டு, “என்ன ராத்தா, கருவாடு போட்டிருக்கிறீங்களா?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். உம்மா சிரிக்கவில்லை.

இப்போது நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையாகப் பை திரும்பி வந்த நாளில், உம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துப் பின்சுவருக்கு அப்பால் வீசினேன். அங்கே தேயிலை மலையின் கான் ஓடுகிறது. அன்று நல்ல மழை. பை கண்ணெதிரிலேயே உருண்டு போய்விட்டது. மனதில் பெரிய நிம்மதி. விதித்தாளை எழுதியவரைப் பழிவாங்கிய மாதிரிகூட இருந்தது.

அந்த நிம்மதி ஏன் கெட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், இத்தனை விதிகளும் எதற்காக என்று தேடினேன். நான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி. இரசாயனவியல் ஆசிரியையிடம் கேட்டேன், நூலகத்தில் வாசித்தேன், ட்ரக்டரில் வருபவர்களிடமும் கேட்டேன். விதிகளில் சிலவற்றுக்கு உறுதியான காரணம் இருக்கிறது. சிலவற்றுக்கு ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். சிலவற்றுக்கு இல்லவே இல்லை. எது எது என்று யாரும் சொல்லாததுதான் எரிச்சலின் வேர்.

உக்குவதையும் உக்காததையும் பிரிப்பதிலிருந்து தொடங்குவோம். இந்த ஒரு விதிக்காக எத்தனை தரம் பையைத் திருப்பினாலும் நான் இனிக் கோபப்படமாட்டேன். இலங்கை வீடுகளின் குப்பையில் பாதிக்கும் மேல் சமையலறைக் கழிவுதான். அது காற்றுப்படாமல் மற்றக் குப்பையோடு அமுங்கிக் கிடந்தால் மெதேன் வாயு உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மெதேன் காபனீரொட்சைட்டைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும். அழுகல் நீர் ஊறி மேட்டின் அடியை இளக்குகிறது. கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், அருகிலிருந்த வீடுகளின் மேல் சரிந்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரித்துக் கொடுக்காத குப்பையை உள்ளூராட்சி சபைகள் ஏற்கக் கூடாது என்று அரசு அறிவித்து, அது 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மேடு அதற்கு முன்பே பல வருடங்களாக வளர்ந்திருந்தது.

தாள் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பழைய தாளைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கித்தான் புதுத் தாள் செய்கிறார்கள். முடிவில் தண்ணீரில்தானே போடுகிறார்கள், ஈரமாக இருந்தால் என்ன என்று நானும் கேட்டேன். ஈரத்தாள் ஆலைக்குப் போய்ச் சேரும்முன் பூஞ்சணம் பிடித்து, அதன் நார் இற்றுப்போகிறது. எண்ணெய் இன்னும் மோசம். ரோல்ஸ் சுற்றிய ஒரு தாளின் எண்ணெய் கூழில் கரையாமல் நின்று, புதுத் தாளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகவே எண்ணெய்த் தாள் உக்குவதோடு போக வேண்டும். கொப்பித் தாள் கழுவாமலே போகலாம்!

கண்ணாடியைத் திரும்பத் திரும்ப உருக்கலாம், தரம் குறையாது. ஹொரணையிலுள்ள போத்தல் தொழிற்சாலை உடைந்த கண்ணாடியை வாங்கி உருக்குகிறது. ஆனால் போத்தல் கண்ணாடியோடு உடைந்த பீங்கான் கோப்பை ஒன்று கலந்தால், கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாது. புதுப் போத்தலின் சுவரில் கல்லாக நிற்கும், அந்த இடத்தில் போத்தல் வெடிக்கும். எங்கள் விதித்தாளில் இந்த முக்கியமான விடயம் இல்லை. போத்தல் லேபலை உரிப்பதற்கு மட்டும் இரண்டு வரி இருக்கிறது.

இனி பிளாஸ்டிக். அதிகம் தலைவலி தருவதும் இதுதான், நான் அதிகம் படித்ததும் இதைத்தான். போத்தலையோ கோப்பையையோ கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோண அம்புகளுக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் அமைப்பொன்று தொடங்கிய இலக்கமுறை அது. அந்த அம்புகளைப் பார்த்து ‘மீள்சுழற்சி செய்யக்கூடியது’ என்று நினைக்கிறோம். அது பிழை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே அந்த இலக்கம் சொல்கிறது. தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் 1. ஷம்பூ, சலவைத் திரவப் போத்தல்கள் பெரும்பாலும் 2. தண்ணீர்க் குழாய் 3. மெல்லிய பை 4. போத்தல் மூடிகளும் உரச்சாக்கும் பெரும்பாலும் 5. எங்கள் வீட்டு யோகட் கோப்பைகளில் 6 என்று இருந்தது.

இவற்றைக் கலந்து உருக்க முடியாது. 2ஆம் இலக்கம் 130 பாகை செல்சியஸ் அளவில் உருகும். 1ஆம் இலக்கத்துக்கு 250 பாகையாவது வேண்டும். அந்தச் சூட்டில் 3ஆம் இலக்கம் சிதைந்து ஐதரசன் குளோரைட்டு வாயுவை விடும். ஒரு கைப்பிடி பீ.வி.சி. துண்டு பெருந்தொகைப் போத்தல் உருக்கைப் பழுதாக்குவது இதனால்தான். ஆக, பிரிக்கச் சொல்வது சரி.

ஆனால் மூடியைக் கழற்றச் சொல்வது? இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு துண்டு, அதன் மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் நிறைந்த பேசினில் போட்டேன். மூடி மிதந்தது, போத்தல் துண்டு அடியில் போனது. பெரிய ஆலைகளில் அரைத்த பிளாஸ்டிக்கை இப்படித்தான் தண்ணீர்த் தொட்டியில் பிரிக்கிறார்கள். லேபலும் அங்கே கழுவும்போதே போய்விடும். ஆகவே மூடியைக் கழற்றுவது ஆலைக்காக இல்லை. கழற்றாவிட்டால் போத்தலைக் காற்றுப் போக நசுக்க முடியாது, ட்ரக்டரில் பாதி இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வசனத்தை விதித்தாளில் எழுதியிருந்தால், உம்மா மூடியைக் கழற்றி, போத்தலை மிதித்துச் சப்பையாக்கி, மூடியை மறுபடி போட்டுக் கொடுத்திருப்பார். வேலையும் குறைவு, இடமும் குறைவு.

கழுவுவதைப் பற்றியும் கேட்டேன். கழுவாத கோப்பையில் புழு வைக்கும், எலி வரும். பிரிக்கும் இடத்தில் கையுறைகூட இல்லாமல் நிற்பவர்கள் அந்த நாற்றத்தில் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தம்பிமார் ஏன் பையைத் திருப்புகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. என்றாலும் பளிங்காகக் கழுவத் தேவையில்லை. கோப்பை கழுவி மிச்சமான தண்ணீரில் ஓர் அலசு அலசினால் போதும். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சவர்க்காரம் போட்டு யோகட் கோப்பை கழுவுவது, ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை வீணாக்குவதுதான்.

கடைசியாகப் பால்மா பைக்கற்று. பால்மாவிலுள்ள கொழுப்பு காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் கெட்டு வாடை வரும். அதைத் தடுக்க அந்தப் பைக்கற்றைப் பல படைகளாகச் செய்கிறார்கள். பிளாஸ்டிக், அதன் மேல் அலுமினியம், அதன் மேல் மறுபடி பிளாஸ்டிக். எல்லாம் சேர்ந்தும் ஒரு தாளின் தடிப்புத்தான். அந்தப் படைகளை மறுபடி பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவில் புதிதாகவே செய்துவிடலாம். இரும்பு, போத்தல், பழைய பத்திரிகை வாங்க வருபவர் எவரும் அதை வாங்குவதில்லை. புத்தளம் சிமெந்து ஆலையின் சூளையில் இப்படிப்பட்ட கழிவுகளை எரிபொருளோடு சேர்த்து எரிக்கிறார்கள். அதுவும் மலைநாட்டின் ஒவ்வொரு பஜாரிலிருந்தும் அங்கே போய்ச் சேர்வதில்லை. எங்கள் ஊரில் எடுக்கும் பைக்கற்றுகள் என்னவாகின்றன என்று ட்ரக்டர் தம்பியிடம் கேட்டேன். “அது கிடங்குக்குத்தாங்க போவுது” என்றார்.

ஒரு வருடமாக அடுப்புக்கு மேலே காய்ந்த பைக்கற்றுகள்! உம்மாவிடம் சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்க் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, “காலுறைக்கு வேணும்” என்று திரும்பவும் கட்டினார்.

நுணுக்கமான விதி என்பதாலேயே அது கெட்டதாகிவிடாது. எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும், நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட்டின் பொலித்தீன் உறையை நீக்கித் தாளில் சுற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்து எடுப்பார்கள். நாங்கள் போன வருடம் ஆசிரியைகள் உட்பட எல்லோரும் முணுமுணுத்தோம். உள்ளே புல்வெளியில் மரைகள் நின்றன. அவை மனிதர் விட்டுச் சென்ற பொலித்தீனை உப்புச் சுவைக்கும் உணவு வாசனைக்கும் தின்றுவிடும், அது வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடும் என்று வழிகாட்டியவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதே லேபல், அதே உரித்தல். எங்கள் வீதியில் அது எரிச்சல், அங்கே அது நியாயம். இடையில் இருந்தது ஒரு நிமிடப் பேச்சு.

உலகத்திலேயே அதிகம் பிரிக்கும் ஊர்களில் ஒன்று ஜப்பானின் ஷிகொக்கு தீவிலுள்ள கமிகட்சு. மலைக் கிராமம், சுமார் 1,500 பேர். 2003இல் குப்பையே இல்லாத ஊராக மாறுவோம் என்று பிரகடனம் செய்தார்கள். அங்கே 45 வகையாகப் பிரிக்க வேண்டும். குப்பை வண்டி கிடையாது, ஆட்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உக்குவதை வீட்டிலேயே பசளையாக்கிவிட வேண்டும். 45 என்று வாசித்தபோது எனக்குத் தலைசுற்றியது. ஆனால் அங்கே ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் ஒரு பலகை இருக்கிறதாம். இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்குக் காசு வருகிறதா, காசு போகிறதா என்று எழுதியிருக்கிறது. குப்பையில் 80 சதவீத அளவை மீள்சுழற்சிக்கு அனுப்புகிறார்கள். 45 வகை பிரிக்கும் கமிகட்சு உம்மாமாருக்கும் ஐந்து வகை பிரிக்கும் எங்கள் உம்மாமாருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பலகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பாடசாலையிலும் நிற நிறமாகத் தொட்டிகள் உண்டு: பச்சை உக்குவதற்கு, நீலம் தாளுக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, கபிலம் உலோகத்துக்கு. நிறம் தெரிகிறது. அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

பெண்பிள்ளைகள் படிக்கும் சஞ்சிகை என்பதால் இதையும் எழுதுகிறேன். எங்கள் விதித்தாளில் மாதவிடாய்த் துவாய்களுக்கும் குழந்தைகளின் பம்பர்ஸுக்கும் இடமே இல்லை. உக்குவதிலும் எடுக்கமாட்டார்கள், உக்காததிலும் எடுக்கமாட்டார்கள். அப்படியானால் எங்கே போடுவது? கேட்க வெட்கம், சொல்ல வெட்கம். விதி எழுதியவர் பேசாமல் விட்டது, ஒவ்வொரு வீட்டிலும் இரவில் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இனி, கானில் வீசிய பைக்கு வருகிறேன்.

ரியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் தோழி, எங்கள் பஜாருக்குக் கீழேயுள்ள தோட்டத்து லயத்தில் வசிக்கிறாள். ஒரு விடுமுறை நாளில் கொப்பி வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். லயத்துக்குப் பக்கத்தில் பீலி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் குழாயால் இழுத்து விட்டிருக்கிறார்கள். குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். குழாயின் மேல் வாயில் ஒரு பழைய வலைத்துணி கட்டியிருந்தது. தோழியின் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், அந்த வலையை அவிழ்த்து உதறினார். தேயிலைச் சருகு, மிலாறுக் குச்சி, ஷம்பூ உறை, பிஸ்கட் உறை, ஒரு யோகட் கோப்பை.

“டெய்லி இதே வேலதான் புள்ள. மேல இருந்து வந்துக்கிட்டே இருக்கு. ஒதறலன்னா தண்ணி வராது.”

அது எங்கள் கோப்பை என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் தேநீர் குடித்துவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை அவள் கைக்கும் போகும்.

அங்கே ட்ரக்டர் வருவதில்லை. சுத்தமாகக் கழுவி, காயவைத்து, பிரித்து வைத்தாலும் வாங்க ஆளில்லை. காரணம் வெறும் பாராமுகம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, தோட்டங்கள் நிர்வாகத்தின் பொறுப்பு என்ற பழைய எண்ணம் அதற்குள்ளும் இருந்தது. அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தாராளமாகப் பணம் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் வீதியும் விளக்கும் குப்பை வண்டியும் தோட்ட எல்லையோடு நின்றன. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளும் வந்தன. தடை போய்விட்டது. எங்கள் வீதியில் ட்ரக்டர் திரும்பும் மதகு மட்டும் இன்னும் அதே மதகுதான்.

குப்பை வண்டியே இல்லாமல் நூற்றைம்பது வருடம் எப்படி இருந்தார்கள் என்று தோழியின் பாட்டியிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மரக்கறித் தோல் மாட்டுக்கு, சாணி தோட்டத்து மரக்கறிக்கு, சாம்பல் பாத்திரம் துலக்க, தகர டின் தண்ணீர் அள்ள, உரச்சாக்கு மிதியடிக்கும் மழைக்கும். “குப்பைன்னு ஒண்ணு எங்கம்மா இருந்துச்சி?” என்றார். குப்பை பின்னால்தான் வந்தது, சிறிய சிறிய பைக்கற்றுகளில். இப்போது ஈரவிறகைப் பற்றவைக்க மிலாறுக்கு அடியில் ஒரு பொலித்தீன் துண்டை வைக்கிறார்கள். புகைக்கூடு இல்லாத அடுப்பில் அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள்.

அந்தச் சிறிய பைக்கற்றுகளை விற்பது யார்? எங்கள் வாப்பாதான். இதைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை, கடன் கொப்பியைத் திறந்து காட்டினார். “பெரிய பைக்கற்ற வாங்கக் கையில மொத்தமாக் காசு இருக்கோணுமே மகள். இவங்க அன்னாடம் வாங்குறவங்க.” 20 மில்லிலீற்றர், 20 கிராம் அளவுக்கு உட்பட்ட சிறு உறைகளை 2021 மார்ச் 31 முதல் அரசு தடைசெய்தது. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. கடையில் தொங்கும் மாலையில் அதிகமானவை உணவு உறைகள்தான். 2017 செப்டம்பரில் லன்ச் சீட்டைத் தடைசெய்தார்கள். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு வரை தடைசெய்தார்கள். தடைகளின் பட்டியல் நீளம், வாப்பாவுக்கு அது மனப்பாடம்.

அதே கடையில் எந்தத் தாளும் ஒட்டாமல், எவரும் ஏசாமல் நடக்கும் மீள்சுழற்சி ஒன்று இருக்கிறது. கண்ணாடிச் சோடாப் போத்தல். வாங்கும்போது போத்தலுக்கும் சேர்த்துக் காசு வைக்க வேண்டும், வெற்றுப் போத்தலைக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும். லயத்துப் பிள்ளைகள் கானிலும் பற்றையிலும் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவர்கள் அதைக் கழுவித்தான் கொண்டுவருவார்கள், ஒருவரும் சொல்லாமலே. ஜெர்மனியில் 2003இலிருந்து பிளாஸ்டிக் போத்தலுக்கும் இதே முறைதான். 25 சதம் கட்ட வேண்டும், கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. எங்கள் கடையின் சோடாப் பெட்டியில் நடப்பதேதான்.

ஹட்டன் ஒரு முகட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் டிக்கோயா வழியாக இறங்கும் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. கொழும்பு மக்கள் அதை அம்பத்தலையில் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். அந்தப் பக்கம் கொட்டகலை வழியாக இறங்குவது கொத்மலை ஓயாவில் விழுந்து, மகாவலியாகித் திருகோணமலைக் கடலில் சேர்கிறது. புவியியல் பாடத்தில் இதை எத்தனையோ தடவை வரைபடமாக வரைந்திருக்கிறேன். அந்த நீலக் கோடு எங்கள் பின்சுவரில் தொடங்குகிறது என்பது பீலியடியில் நின்றபோதுதான் உறைத்தது.

இப்போது எங்கள் வீட்டில் சில விடயங்கள் மாறியிருக்கின்றன. பால்மா பைக்கற்றைக் கழுவுவதில்லை, ஈரமில்லாமல் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கிறோம். யோகட் கோப்பைக்கு ஓர் அலசு. மூடி கழற்றி, மிதித்து, மூடி போட்ட போத்தலைத் தம்பிமார் ஒன்றும் சொல்லாமல் எடுக்கிறார்கள். விதித்தாளின் பக்கத்தில் நான் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறேன், எது எதற்காக என்று. கடைக்கு வருபவர்கள் வாசிக்கிறார்கள். சபைக்கும் ஒரு பிரதி எழுதி அனுப்பினேன், இரண்டு கேள்விகளோடு: துவாய்களை எங்கே போடுவது, லயத்துக்கு ட்ரக்டர் எப்போது. பதில் இன்னும் வரவில்லை.

பின்விறாந்தையில் ஓர் உரச்சாக்கு கட்டித் தொங்குகிறது. அது தோழி வீட்டு லயத்துக்கு. ரியூஷனுக்கு வரும் நாட்களில் அவளும் அவள் தம்பியும் போத்தல்களையும் கோப்பைகளையும் கொண்டுவந்து அதில் போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை உம்மா அதை எங்கள் பையோடு சேர்த்து வைக்கிறார். போன வாரம் சாக்கைத் தூக்கிய தம்பி, அதன் பாரத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்னங்கம்மா, வீட்டுல விசேஷமா? இவ்வளவு போத்தல்?”

“இல்ல தம்பி,” என்றார் உம்மா. “எங்கட வீட்டுல ஆக்கள் கூட.”